அம்மாளின் கோபம்

(நூற்றாண்டு ஆண்டின் நவராத்திரி ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நம் கல்லூரியில் படித்த எவரிடமாவது நவராத்திரி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். பிரார்த்தனை மண்டபத்தில் கும்பம். வகுப்பு வகுப்பாகப் பூசை. சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டும் ஒரு சொல் பிசகாமல். பிறகு அவல், கடலை, கற்கண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிற நம் தோழியருக்கு இன்றும் அந்தப் பத்துப் பாட்டும் மனப்பாடம். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு.

இதில் ஒன்றை நாம் அந்த நாட்களில் கவனிக்கவில்லை. ஒன்பது இரவுகளில் முதல் மூன்று துர்க்கைக்கு உரியவை, நடு மூன்று இலட்சுமிக்கு, கடைசி மூன்றுதான் சரஸ்வதிக்கு. நாமோ ஒன்பது நாளும் சரஸ்வதியையே பாடினோம். பள்ளிக்கூடத்தில் அது இயல்பான காரியந்தான், குறை சொல்லவில்லை. துர்க்கை நமக்கு வெளிப்பட்டது பத்தாம் நாள் கோயிலில், மானம்பூவின்போது மட்டும். குருக்கள் வாளால் வாழையை வெட்டுவார், மகிடாசுரன் முடிந்தான் என்று மணி அடிப்பார்கள். வெட்டிய வாழைக்கு முட்டி மோதி ஓடுகிறவர்கள் பெடியங்கள். நாம் முழுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றோம்.

இன்று துர்க்கையின் நாள். அதனால் அவளையும் அவளைப் போன்ற உக்கிர வடிவங்களையும் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். நம்முடைய படிப்பு மருத்துவம். சமயத்தைப் படித்தது ஆர்வத்தால். ஆனால் இந்தத் தெய்வங்களோடு ஒரு வைத்தியருக்கு உள்ள தொடர்பு நீங்கள் நினைப்பதைவிடக் கூடியது. அது பின்னால் தெரியும்.

துர்க்கையைப் பற்றிய மூல நூல் தேவி மாகாத்மியம். மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதி, 13 அத்தியாயங்கள், 700 மந்திரங்கள். கோயில்களில் சண்டி ஹோமம் என்று நடக்கிறதே, அதில் ஓதப்படுவது இதுதான். ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமை சொல்வார்கள். இந்த நூல் போர்க்களத்தில் தொடங்கவில்லை. நாட்டைப் பறிகொடுத்த சுரதன் என்ற அரசனும், மனைவியும் மக்களும் பணத்துக்காகத் துரத்திவிட்ட சமாதி என்ற வணிகனும் ஒரு காட்டில் சந்திக்கிறார்கள். இருவரும் எல்லாம் இழந்தவர்கள். ஆனாலும் அரசன் தன் யானையைப் பற்றிக் கவலைப்படுகிறான், வணிகன் தன்னைத் துரத்திய பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்களோ என்று ஏங்குகிறான். இந்த மனம் ஏன் இப்படி இருக்கிறது என்று முனிவரிடம் கேட்கிறார்கள். அவர் சொல்லும் பதில்தான் தேவியின் கதை. அகதியாய் அலைந்த நம்மில் பலருக்கு இந்தத் தொடக்கம் அந்நியமாய் இராது. விட்டு வந்த வீட்டின் கிணற்றடிச் செவ்விளநீரைப் பற்றி நாற்பது வருடமாகக் கவலைப்படுகிறவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

கதையில் மூன்று போர்கள். மகிடன் கதை எல்லோருக்கும் தெரியும். தேவர்களின் ஒளியெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு பெண்ணாகிறது, சிவன் சூலத்தையும் திருமால் சக்கரத்தையும் கொடுக்கிறார்கள், இமவான் சிங்கத்தைக் கொடுக்கிறான். இதை வைத்து, அவளுடைய பலம் ஆண் தெய்வங்களிடம் கடன் வாங்கியதுதானே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மூன்றாவது கதை வரை வாசிக்கவில்லை.

மூன்றாவது கதை பெண் கேட்பதில் தொடங்குகிறது. மலையில் தனியாக இருக்கும் ஓர் அழகியைச் சண்டனும் முண்டனும் கண்டு தங்கள் அரசன் சும்பனிடம் சொல்கிறார்கள். உலகத்தில் உள்ள உயர்ந்த பொருள் எல்லாம் உங்களிடம் இருக்கிறது, இவள் மட்டும் இல்லையே என்கிறார்கள். தூது போகிறது. சும்பனையோ அவன் தம்பி நிசும்பனையோ கட்டிக்கொள், எல்லாச் செல்வமும் உனக்கு. தேவி கோபிக்கவில்லை. சிறுவயதில் யோசிக்காமல் ஒரு சபதம் செய்துவிட்டேன், போரில் என்னை வெல்பவனையே மணப்பேன் என்று, அதனால் வந்து வெல்லச் சொல் என்று சிரித்தபடி சொல்லி அனுப்புகிறாள். உடனே தூதன் எடுக்கும் அடுத்த ஆயுதம் என்ன? மரியாதையாக வா, இல்லாவிட்டால் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்கிறான். நல்ல வார்த்தையில் தொடங்கிய சம்பந்தம் ஒரு மறுப்புச் சொன்னதும் மிரட்டலாக மாறுகிறது. வைத்தியசாலையில் முகம் வீங்கி வரும் இளம் பெண்களிடம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இந்தத் தூதனின் பேச்சை அதில் பலமுறை எழுதியிருக்கிறோம்.

காளி பிறப்பது இங்கேதான். சண்டனும் முண்டனும் படையோடு வந்து அவளைப் பிடிக்கக் கை நீட்டும்போது தேவியின் முகம் மையாய்க் கறுக்கிறது. நெற்றியிலிருந்து காளி வெளிப்படுகிறாள். வற்றிய உடல், குழிந்த கண், மண்டையோட்டு மாலை, தொங்கும் நாக்கு. இருவரின் தலையையும் கொண்டுவந்து கொடுத்ததால் சாமுண்டி என்ற பெயர் கிடைக்கிறது. ஆக, காளி வேறு ஒரு தெய்வம் அல்லள். அழகிய தேவியின் கோபத்துக்கு நூல் தரும் உருவம் அவள்.

அடுத்து வருபவன் இரத்தபீசன். அவன் உடலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் நிலத்தில் விழுந்தால் அவனைப் போலவே இன்னொருவன் எழும்புவான். வெட்ட வெட்டப் பெருகுகிறான். ஆயுதத்தால் முடியாதென்று கண்ட தேவி, காளியை வாயை அகலத் திறந்து இரத்தம் நிலத்தில் விழாமல் குடிக்கச் சொல்கிறாள். இரத்தம் வற்றி அவன் விழுகிறான். காளியின் சிவந்த வாயைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பெருகும் தீமையை நிலத்தில் விழவிடாமல் தன் உடலில் ஏற்றவள் அவள். கிருமி பெருகும் காயத்தைத் தினமும் சுத்தம் செய்கிற தாதியர் எவருக்கும் இந்த வேலை விளங்கும்.

கடைசியில் தனித்து நின்ற சும்பன், நீ மற்றவர்களின் பலத்தில் சண்டை பிடிக்கிறாய் என்று அவளைப் பழிக்கிறான். தேவி தன்னைச் சூழ நின்ற சக்திகளை எல்லாம் தனக்குள் வாங்கிக்கொண்டு, இங்கே நான் ஒருத்திதான், எனக்கு இரண்டாவதாக யார் இருக்கிறார் என்ற கருத்தில் பதில் சொல்கிறாள். கடன் வாங்கிய பலம் என்பவர்களுக்கு நூலே தரும் பதில் இது.

இந்த உக்கிரத்தின் தன்மை என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். மகிடன் இறந்த பிறகு தேவர்கள் பாடும் துதியில், நெஞ்சில் இரக்கமும் போரில் கடுமையும் ஒன்றாக உன்னிடத்தில் மட்டுமே காண்கிறோம் என்று வருகிறது. இன்னொரு துதி, எல்லா உயிரிலும் அவள் அறிவாக, உறக்கமாக, பசியாக, நிழலாக, பொறுமையாக, தாயாக இருக்கிறாள் என்று அடுக்கிக்கொண்டு போய், மயக்கமாகவும் இருக்கிறாள் என்கிறது. சங்காரம் எல்லாம் முடிந்த பிறகு அவள் தரும் வாக்குறுதிகளில் ஒன்று, நூறு ஆண்டு மழை பொய்த்தால் தன் உடலில் விளையும் கீரை காய்களால் உலகத்துக்குச் சோறு போடுவேன் என்பது. சாகம்பரி என்ற பெயர் அதனால் வந்தது. ஆறாத கோபத்தைச் சைவர்களோ சாக்தர்களோ எவரும் போற்றவில்லை. ஒரு வேலைக்காக எழுந்து, வேலை முடிந்ததும் அடுப்படிக்குத் திரும்பும் கோபம் இது. அடுப்படி என்று வாய்தவறி வரவில்லை, உலகத்தின் அடுப்படியைத்தான் சொல்கிறோம்.

தமிழில் இவளுக்குப் பழைய பெயர் கொற்றவை. திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் மகன் என்று சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் வேட்டுவர் தங்கள் குலத்துச் சிறுபெண் ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைந்து வழிபடுகிறார்கள். அதே காப்பியத்தில் வாயிற்காவலன் பாண்டியனிடம் ஓடிவந்து, ஒருத்தி வாசலில் நிற்கிறாள் என்று சொல்லும் இடம் நம் எல்லோருக்கும் பாடமாக இருந்தது. எருமைத் தலையைப் பீடமாக்கி நின்ற கொற்றவை அல்லள், எழுவரில் இளையவள் அல்லள், இறைவனை ஆடச் செய்தவள் அல்லள், காடு விரும்பும் காளி அல்லள், தாருகன் மார்பைக் கிழித்தவளும் அல்லள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தனக்குத் தெரிந்த உக்கிரத் தெய்வங்கள் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தும் அந்த முகத்துக்கு ஒப்புக் கிடைக்கவில்லை. கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்பவள் கணவனை இழந்த ஒரு வணிகப் பெண். நீதி கேட்க வந்தவள். பரீட்சைக்கு இதை எத்தனை தரம் எழுதினோம்! அந்த வாசலில் நிற்பது நம்மில் ஒருத்தியாகவும் இருக்கலாம் என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

எரிக்கும்போதும் அவள் கண்மூடி எரிக்கவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் பசுக்களையும் விட்டுத் தீயவரிடம் போ என்று தீக்கடவுளுக்குக் கட்டளை இடுகிறாள். மதுரையின் காவல் தெய்வமே அவள் முன்னால் வரத் துணியாமல் பின்னால் வந்து நின்று பேசுகிறது.

அதன் பிறகு அவள் எங்கே போனாள் என்பதற்குத் தமிழகம் ஒரு பதில் சொல்கிறது, ஈழம் இன்னொரு பதில் சொல்கிறது. வன்னி மக்களின் கதைப்படி அவள் ஒரு கிழவியாய் வற்றாப்பளைக்கு வந்தாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்றாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்றாள். பார்த்தால் தலையெல்லாம் ஆயிரம் கண். இன்றும் வைகாசிப் பொங்கலில் அங்கே உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். ஓர் ஊரை எரித்துவிட்டு வந்தவளுக்கு அந்தச் சிறுவர்கள் செய்தது இவ்வளவுதான்: சோறு கொடுத்தார்கள், விளக்கு ஏற்றினார்கள், தலை பார்த்தார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கண்ணகி கோயில்கள் பல வைகாசியில் கதவு திறக்கும். வழக்குரை பாடி, கடைசியில் குளுத்தி செய்வார்கள். குளுத்தி என்றால் குளிர்வித்தல். கோபத்தை அடக்குவது வேறு, குளிர்விப்பது வேறு என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. குளிர்விக்கும் முன் வழக்கை முழுவதும் கேட்கிறார்கள் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் நாம் வேறு வழி எடுத்தோம். ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணச் செட்டிச்சி வழிபாடு என்று கடிந்தார். அவருக்குப் பிறகு பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாறின. நாவலர் இல்லாவிட்டால் நமக்குத் தமிழ் உரைநடையும் இல்லை, சைவப் பள்ளிக்கூடங்களும் இல்லை. அந்த நன்றியோடேயே சொல்கிறோம், இந்த ஒன்றில் நாம் இழந்தது அதிகம். வழக்காடிய பெண் போய், சிங்காசனத்தில் அமர்ந்த அரசி வந்தாள். அதேபோலத்தான் தில்லைக் கதையும். பரதம் பழகியவர்களுக்குத் தெரியும், போட்டி நடனத்தில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கினார், காளி நாணத்தால் தூக்கவில்லை, தோற்று ஊர் எல்லைக்குப் போனாள். அரங்கேற்றத்துக்கு அரங்கேற்றம் கைதட்டுகிறோம். ஆடத் தெரியாமல் அவள் தோற்கவில்லை என்பதை எவரும் நின்று யோசிப்பதில்லை.

இனி நம் தொழிலுக்கு வருவோம். நம் ஊரில் பொக்குளிப்பானுக்கு இன்னொரு பெயர் அம்மாள். வருத்தம் வந்தது என்று சொல்லமாட்டோம், அம்மாள் வந்திருக்கிறா என்போம். முன்பு பெரியம்மைக்குச் சொன்ன பெயர் அது. அந்த நோய் பிடித்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். உலகச் சுகாதார மாநாடு 1980 மே 8 ஆம் திகதி பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. பெரியம்மை போய்விட்டது, அம்மாள் என்ற பெயர் மட்டும் அவ்வளவு கொடியதல்லாத பொக்குளிப்பானுக்கு வந்து சேர்ந்தது.

மருத்துவபீடத்தில் படித்த காலத்தில் இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எங்களுக்குள் வழக்கமாக இருந்தது. பிறகு விடுதிகளில் வேலை செய்து பார்த்தபோது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. படலையில் வேப்பிலை கட்டுகிறார்கள், வெளியார் வருவதில்லை. நோயாளிக்குத் தனி அறை, தனிப் பாய். கொப்புளம் தோன்ற ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றக்கூடிய நோய்க்கு இதைவிட நல்ல தடுப்பு எது? கடித்தால் நகத்தால் சொறியாமல் வேப்பங்குழையால் தடவு என்கிறார்கள், அதனால் புண் அழுகாது. இளநீரும் கஞ்சியும் காய்ச்சல்காரருக்கு நல்லது. நோயாளியைத் திட்டக்கூடாது, அம்மாள் கேட்டுக்கொண்டிருப்பா என்கிறார்கள். நோயாளியிடம் தெய்வத்தோடு பேசுவதுபோல் பேசு என்று எங்கள் பாடப்புத்தகம் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

தீமையும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. தண்ணீர் வார்க்கும் நாள்வரை உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்று வைத்திருப்பதால் கொப்புளத்தில் சீழ் பிடிக்கிறது. அதைவிட ஆபத்தானது, மருந்து கொடுத்தால் அம்மாள் கோவிப்பா என்ற பயம். சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக மாறிவிடும். வளர்ந்தவர்களுக்கு, விசேடமாகக் கர்ப்பிணிகளுக்கு, நுரையீரலில் பரவினால் உயிராபத்து. பிறந்த குழந்தைகளும் புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்களும் அப்படியே. வைரசுக்கு எதிரான மருந்து இருக்கிறது, கொப்புளம் தோன்றி 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும், பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. தடுப்பூசியும் உண்டு. பிள்ளை பெற எண்ணும் பெண்கள் சிறுவயதில் இந்த நோய் வராதிருந்தால் கர்ப்பமாவதற்கு முன் வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பகாலத்தில் போட முடியாது. மலருக்கு எழுதும் இடத்தில் இதையெல்லாம் ஏன் என்று நினைக்க வேண்டாம், மலர் வீட்டில் இருபது வருடம் கிடக்கும்.

நாங்கள் வேலை செய்த ஒரு விடுதிக்கு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நான்காம் நாள் மூச்சுத் திணறலோடு வந்தாள். மாமியார் கூடவே வந்தார். ஊசி மருந்தை ஏற்றப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர் பிள்ளை, மருந்து குடுத்தால் அம்மாள் கோவிப்பா எல்லோ?" என்று கேட்டார். கெட்ட மனிசி அல்ல. மருமகளுக்காகத்தான் பயந்தார். அந்த நேரத்தில் வைரசு, கிருமி என்று விளங்கப்படுத்தி என்ன பயன்? அம்மா, எல்லா உயிரிலும் அறிவாக இருக்கிறவளும் அம்மாள்தானே, இந்த மருந்தும் அவள் தந்த குளிர்ச்சிதான், குளுத்தி என்று நினையுங்கோ என்றோம். கையை விட்டார். தலையணைக்குக் கீழே வைத்திருந்த வேப்பிலையைத் தாதி எடுக்கப் போனார், இருக்கட்டும் என்றோம். அடுத்த பதினொரு நாள் சுலபமாக இருக்கவில்லை. ஆனால் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போனார்கள். சமாளிப்புக்காகச் சொன்ன பேச்சென்று எவரும் எண்ண வேண்டாம். தேவி மாகாத்மியம் உண்மையானால் அந்தப் பதிலும் உண்மை.

இன்னொரு வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவரும் படம் மாட்டாத வடிவம். தந்திர நூல்கள் சொல்லும் பத்து மகாவித்தைகளில் காளி முதலாமவள். அந்தப் பத்தில் தூமாவதி என்று ஒருத்தி இருக்கிறாள். கிழவி, விதவை. அழுக்குச் சேலை, விரிந்த தலைமயிர், கையில் சுளகு. குதிரை பூட்டாத தேர், காகக் கொடி. ஆறாத பசி. காசியில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இவளுக்குக் கிட்டிய உறவு சேட்டை, அதாவது மூத்தவள். அவளுக்கும் காகக் கொடிதான். பாற்கடலில் இலட்சுமிக்கு முன் பிறந்ததால் மூத்த தேவி, மூதேவி. நாம் படிக்காவிட்டால், பிந்தி எழும்பினால் வீட்டில் வாங்கிய ஏச்சு எது என்று ஞாபகம் இருக்கிறதா? அதுதான். அந்த ஏச்சு ஒரு காலத்தில் கருவறையில் இருந்த தெய்வத்தின் பெயர். திருப்பரங்குன்றத்தில் 8 ஆம் நூற்றாண்டில் நக்கன் கொற்றி என்ற பெண் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அவள் பெயரிலேயே கொற்றவை இருக்கிறாள்.

விதவையையும் பசியையும் கிழத்தனத்தையும் தெய்வத்துக்குள் வைத்துப் பார்த்த சமயம் நம்முடையது. ஆனால் நம் மங்கல காரியங்களில் நடப்பது என்ன? வற்றாப்பளைக்குப் பக்கத்துக் கடற்கரையில் 2009 இல் நடந்ததை இந்த மண்டபத்தில் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிளினிக்குக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் முப்பது வயதிலேயே கணவனை இழந்தவர்கள். பிரஷருக்கும் நித்திரையின்மைக்கும் மருந்து எழுதுகிறோம். கதை கேட்டால், சொந்தத் தங்கையின் கலியாணத்தில் பின் வரிசையில் இருந்தோம், ஆலாத்தி எடுக்க எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். மகளின் சாமத்தியவீட்டில் தாயே அறைக்குள் நின்ற கதையும் கேட்டிருக்கிறோம். ஒற்றைச் சிலம்போடு வந்த விதவையைத் தெய்வமாக வைத்திருக்கும் ஊரில் இது நடக்கிறது. மருந்துச் சீட்டில் இதற்கு எதை எழுதுவது?

கோயிலும் இதைத் திருத்தலாம் என்பதற்குத் தெல்லிப்பழையே சான்று. துர்க்காதேவி தேவஸ்தானத்தைப் பல ஆண்டு தலைமையேற்று நடத்தியவர் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார். ஆசிரியராக இருந்தவர், 2008 இல் மறைந்தார். அவருடைய பேச்சை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம், ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும். ஆண்களே மணியகாரராக இருந்த காலத்தில் ஒரு பெண் கோயில் நடத்தியது ஒன்று. துர்க்கையின் உண்டியல் காசு பெற்றோரில்லாத பெண்பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் போகும்படி துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தியது மற்றது. சாகம்பரி என்ற பெயருக்கு இதைவிட நல்ல உரை நாம் எங்கும் வாசிக்கவில்லை.

கடைசியாகச் செயற்குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, கல்லூரியின் நவராத்திரியில் முதல் மூன்று நாளும் துர்க்கைக்கே இருக்கட்டும். சகலகலாவல்லி மாலையை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை, அது ஏழாம் நாள் தொடங்கினாலும் சரஸ்வதி கோவிக்கமாட்டாள். துர்க்கையின் நாட்களில் மேற்பிரிவு மாணவிகளுக்குச் சும்பனின் தூதன் கதையை முழுவதும் சொல்லுங்கள். வேண்டாம் என்ற சொல்லைத் தேவி சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதையும், அதன் பிறகு நடந்ததையும்.

இரண்டாவது, விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுவோர் பட்டியல். இன்று ஐந்து பேர் ஏற்றினார்கள், ஐவரையும் மதிக்கிறோம். அடுத்த வருடம் பட்டியல் எழுதும்போது, கணவனை இழந்த பிறகு முன்வரிசைக்கு வராத நம் பழைய மாணவிகளில் ஒருவரின் பெயரை முதலாவதாக எழுதுங்கள். அவர் மறுப்பார். இரண்டு மூன்று தரம் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். கேட்கப் போகிறவர்களோடு நாமும் வருகிறோம்.